மொட்ட மாடி சினிமாவும் காதுகுத்து ஃப்ளெக்ஸும்

போன ஆவணியோட எங்களுக்கு கல்யாணமாகி ஒம்பது வருசம். இந்த ஒம்பது வருசத்துல நாங்க ரெண்டு பேரு மட்டும் தனியா போயி பாத்த படம் எத்தனன்னு ஒரு நா பாத்திரம் வெளக்கிக்கிட்டே எண்ணிப் பாத்தேன், ரெண்டு. அதுலயும் ஒண்ணு இண்டர்வெல்லோட எந்திரிச்சு வந்துட்டோம், பய அழுகுறான்னு வீட்டுல இருந்து போன். மத்ததெல்லாம் ஏழு பேரு, ஒரு பை முறுக்கு, ரெண்டு ஆட்டோன்னு பட்டாளமா போனதுதான். அதனால இன்ஸ்டால அந்த விளம்பரம் கண்ணுல பட்டதும் விரல் நின்னுருச்சு. மதுரையில ஓப்பன் ஏர் சினிமா, ஹோட்டல் மொட்ட மாடியில, கோபுரத்த பாத்துக்கிட்டே படம், ஆளுக்கொரு பீன் பேக், வயர்லெஸ் ஹெட்போன், பாப்கார்ன் சேத்து ஜோடிக்கு 1,600 ரூபா. கல்யாண நாளும் அந்த சனிக்கிழமையே வந்துச்சு.

எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுனேன். இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் பாக்குறவரு, எதையும் வாட்ஸ் கணக்குலதான் பாப்பாரு. "1,600 ரூபாய்க்கு மொட்ட மாடியா? நம்ம வீட்டுலயே ஒண்ணு சும்மாதான புள்ள கெடக்கு"ன்னாரு. அப்ப எனக்கு எரிச்சலா வந்துச்சு, ஆனா அந்த வார்த்தை பின்னால வேற மாதிரி திரும்பி வந்துச்சு, அத அப்பறம் சொல்றேன்.

எங்க அத்தை, அதான் மாமியாரு, பக்கத்துல பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. "எத்தன சீட்டாம்?"னு கேட்டாங்க. அறுபதுன்னேன். ஒரே சிரிப்பு. அவங்க சின்ன வயசுல படம் பாத்தது தங்கம் தியேட்டர்ல, 1952ல தொறந்த தியேட்டரு, 2,563 சீட்டு, ஆசியாவுலயே பெருசுன்னு மதுரக்காரய்ங்க பெருமை பேசுன எடம், இப்ப அந்த எடத்துல ஜவுளிக்கடை நிக்குது. அவங்களுக்கு அறுபது சீட்டுன்னா அது ஒரு வளைகாப்பு கூட்டம். ஆனா அவங்கதான் எங்கள கெளப்பி விட்டாங்க. "சொக்கரே தெனமும் ராத்திரி பல்லக்குல ஏறி மீனாட்சி பள்ளியறைக்கு போறாரு, நீங்க ஒம்பது வருசத்துக்கு ஒருக்க போகக்கூடாதா, போயிட்டு வாங்க, பயல நான் பாத்துக்கிறேன்"னாங்க. அதுக்கு மேல இவரால வாட்ஸ் பேச முடியல.

மொதல்ல நான் பண்ணுன தப்பு. டிக்கெட் போடும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், பார்க்கிங் இருக்கான்னு. இருக்குன்னாய்ங்க. நாலு பைக் நிக்கிற எடம், அதுல மூணு ஹோட்டல் ஸ்டாஃப் வண்டி. ஸ்டேஷன் பக்கம், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பக்கமெல்லாம் சனிக்கிழம சாயங்காலம் வண்டி விட எடம் தேடுறதுக்கு பதிலா பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்துரலாம், அஞ்சு பத்து நிமிசம்தான். நாங்க இருபது நிமிசம் சுத்துனோம், அதுல ஒரு சண்ட, சின்னதுதான், "நான்தான் அப்பவே சொன்னேன்ல" சைஸு.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியெல்லாம் மாடிக்கு போனப்பறம்தான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுச்சு.

விளம்பரத்துல கோபுரமும் ஸ்க்ரீனும் ஒரே போட்டோவுல இருந்துச்சுல்ல, நேர்ல ஸ்க்ரீன் மேற்க, கோபுரம் கெழக்க. அதாவது படம் பாத்தா கோபுரத்துக்கு முதுகு, கோபுரம் பாத்தா படத்துக்கு முதுகு. கோபுரம் தெரியலன்னு சொல்லல, அம்சமா தெரிஞ்சுச்சு, கோயில சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டருக்கு மேல கட்டடம் எழுப்பக் கூடாதுன்னு விதி இருக்கு, எத்தன பேரு கேக்குறாய்ங்கங்கிறது வேற கத, ஆனாலும் அந்த விதியாலதான் இன்னிக்கும் நாலாவது மாடியில ஏறுனா நாலு கோபுரமும் கண்ணுல படுது. தெக்கு கோபுரம் 170 அடி உசரம், அது எங்க போனாலும் ஒளியாது. படத்தப் பாக்க வந்தவங்க பாதிப் பேரு திரும்பி உக்காந்து அங்கிட்டே போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

மேற்க ஸ்க்ரீன் வச்சதுல இன்னொரு வில்லங்கம். ஷோ ஆறரைன்னு டிக்கெட்டுல போட்டிருந்துச்சு. ஆவணி ஆரம்பத்துல மதுரையில பொழுது சாயுறதே ஆறரைக்குதான். சாஞ்சப்பறமும் ஒரு இருபத்தஞ்சு நிமிசத்துக்கு மேக்கால வானம் செவசெவன்னு வெளிச்சமா இருக்கும், அந்த வெளிச்சத்துக்கு முன்னால ஸ்க்ரீன் கட்டுனா படம் சாயம் போன துணி மாதிரிதான் தெரியும். ஏழேகாலுக்குதான் ஆரம்பிச்சாய்ங்க, அதுவர விளம்பரம். ஓப்பன் ஏர் ஷோவுக்கு டிக்கெட் போடுறவங்க அந்த மாசம் பொழுது எப்ப சாயுதுன்னு பாத்து, அதுல இருந்து அரை மணி நேரம் கூட்டிக்கோங்க, நெசமான ஷோ டைம் அதுதான். கார்த்திகை பக்கம் ஆறு மணிக்கே பொழுது சாஞ்சுரும், ஆனி ஆடியில ஆறே முக்கால் வர சூரியன் போகமாட்டேன்னு நிக்கும்.

பீன் பேக் பத்தி சொல்லணும். பாக்க ஆசையா இருக்கும், உக்காந்தா கெணத்துல எறங்குன மாதிரி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு குழியில, நடுவுல ஒரு முழம் எடைவெளி. தோள்ல சாயணும்னா ஒருத்தர் எந்திரிக்கணும், எந்திரிக்க இன்னொருத்தர் கை குடுக்கணும், கை குடுக்க அவரும் எந்திரிக்கணும். பின்னால ஒரு வரிசை சாதா பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாய்ங்க, அதுல உக்காந்த ஒரு வயசான ஜோடி, ஒரு ஐயாவும் அம்மாவும், ரெண்டு சேரையும் ஒட்டிப் போட்டுக்கிட்டு ஹாயா இருந்தாங்க. முப்பத்தஞ்சு தாண்டுனவங்க அந்த சேரையே கேட்டு வாங்குங்க.

பூ விசயம் பொம்பளைங்களுக்கு மட்டும். நாலு முழம் மல்லி வாங்கி மொக்காவே வச்சிருந்தேன், மல்லி காலையில பறிக்கிறது, பொழுது எறங்குனாதான் விரியும், படம் ஆரம்பிக்கிறப்ப மணக்கும்னு கணக்கு. கணக்கு சரிதான், ஏழரைக்கு கும்முனு வாசம். ஆனா பீன் பேக்குல தலைய சாச்சா பூ நசுங்குது, சாய்க்காம ஹெட்போன் மாட்டுனா பூக்கனத்துக்கு அது முன்னால வழுக்கி மூக்கு மேல விழுகுது. கடைசியில பூவ அவுத்து கைப்பையில வச்சேன். வீட்டுக்கு வந்தப்பறமும் ரெண்டு நாளைக்கு என் சில்லறைக்காசெல்லாம் மல்லி வாசம்.

இப்ப ஹெட்போன். ஏன் ஸ்பீக்கர் வைக்கலன்னா, ராத்திரி 10 மணிக்கு மேல வெளியில ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு 2000லயே மத்திய அரசு சட்ட விதி இருக்கு, பத்து மணிக்கு முன்னாலயும் சுத்தி லாட்ஜுல தூங்குறவங்க சும்மா விடமாட்டாங்க. அதனால ஆளாளுக்கு காதுல ஒண்ணு. சத்தம் தெளிவாத்தான் கேக்குது, கொற சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒம்பது வருசம் கழிச்சு புருசன் பொண்டாட்டி தனியா வெளிய வந்து, பக்கத்து பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரும் காத அடச்சுக்கிட்டு இருக்கோம். அவரு சிரிக்கிறது எனக்கு கேக்கல. நான் "இந்த எடம் நல்லாருக்குல்ல"ன்னு சொன்னது அவருக்கு கேக்காம, அவரு ஹெட்போன தூக்கி "என்ன?"ன்னு கேட்டு, நான் திருப்பி சொல்லி, அதுக்குள்ள அடுத்த சீன் வந்து, "ஒண்ணுமில்ல விடுங்க மாமா"ன்னு சொல்லி... இப்படியே முக்கா மணி நேரம். வீட்டுல ஆளுக்கொரு போன வச்சுக்கிட்டு கட்டில்ல கெடக்குறதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல, கொசு மட்டும் எக்ஸ்ட்ரா.

அந்த ராத்திரியவே காப்பாத்துனது ஒரு டெட் பேட்டரி. இண்டர்வெல் முடிஞ்சு பத்து நிமிசத்துல அவரு ஹெட்போன்ல நீல லைட்டு சிமிட்டி சிமிட்டி அணைஞ்சுச்சு. பேட்டரிக்காரருக்கே பேட்டரி செத்துருச்சு. மாத்தித் தரச் சொல்லி பையன கூப்புட்டோம், "சார் எல்லாமே அவுட் சார், ஃபுல் ஹவுஸ்"னு போயிட்டான். நானும் என்னோடத கழட்டி மடியில வச்சேன்.

கழட்டுனா ஒரு விசித்திரம். ஸ்க்ரீன்ல ஹீரோ ஹீரோயின் முன்னால நின்னு உருகி உருகி பேசுறான், சத்தமே இல்ல. மாடி பூராம் அம்பது அறுபது பேரு இருட்டுல அமைதியா இருக்காங்க, திடீர்னு எல்லாரும் ஒண்ணா சிரிக்கிறாங்க, காரணமே தெரியாது. பாப்கார்ன் மெல்லுற சத்தம். கீழ ஆட்டோ ஹாரன், பரோட்டா கல்லுல கரண்டி தட்டுற சத்தம். அப்ப ஸ்டேஷன் பக்கம் இருந்து காத்துவாக்குல வந்துச்சு பாருங்க, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு". ஹீரோ வாயத் தொறக்கவும் அது வரவும் அச்சு அசலா பொருந்திருச்சு. எங்க வீட்டுக்காரரு அத விடுவாரா, என் காதுகிட்ட குனிஞ்சு, ஹீரோ கொரல்ல மேல பேச ஆரம்பிச்சாரு. "இந்தா புள்ள, வண்டி ரெண்டாவது பிளாட்பாரத்துல நிக்குது, வர்றியா வல்லையா, டிக்கெட்ட கேன்சல் பண்ணவா." ஹீரோயின் கண்ண கசக்குனா, நான் அவளுக்கு பேசுனேன், "ஏன்யா, காதலிக்க வந்தியா கரண்ட் பில்லு கட்ட வந்தியா." அப்பா கேரக்டர் வந்து கத்துனாரு, அவருக்கு எங்க பெரிய மாமனார் கொரலு. நான் சிரிச்ச சிரிப்புல பீன் பேக்குல இருந்து உருண்டு கீழயே விழுந்துட்டேன். அப்பறம் மேல ஏறல. கீழயே தரையில, அவரும் எறங்கி வந்து, ரெண்டு பீன் பேக்கையும் முதுகுக்கு வச்சுக்கிட்டு உக்காந்தோம், தோளோட தோள். முன்வரிசைப் பொண்ணு ஒண்ணு திரும்பித் திரும்பி மொறச்சுச்சு. மொறச்சா மொறச்சுக்க தாயி, நீ ஹெட்போன் மாட்டியிருக்க, ஒனக்கு எப்பிடி கேக்குது?

ஒம்பதேகாலுக்கு மேல பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடிச்சு கெளம்புச்சு. அதோட காத்தும் எந்திரிச்சுச்சு. ஸ்க்ரீன்ங்கிறது ஒரு பாய்மரம்தான, நாலு மூலையில மட்டும் கட்டியிருந்தாய்ங்க, காத்து பின்னால புகுந்து ஹீரோ மொகம் பூரி மாதிரி உப்புது, அடுத்த நிமிசம் ஒட்டிப் போகுது. க்ளைமாக்ஸுக்கு பத்து நிமிசம் இருக்கையில சடசடன்னு மழை. பசங்க ஓடிவந்து புரொஜெக்டருக்கு குடை புடிச்சாய்ங்க, எங்களுக்கு யாரு புடிப்பா. அறுபது பேரும் ஒரு மாடிப்படியில. பணம் திரும்ப வருமான்னு ஒருத்தரு கேட்டாரு, ரீஃபண்ட் இல்ல, பாதிக்கு மேல படம் ஓடிட்டா மறுஷோவும் கெடயாதுன்னு டிக்கெட் மெயிலோட அடியில பொடி எழுத்துல இருக்காம். இருந்துச்சு, நான்தான் படிக்கல. ஆவணியில இருந்து கார்த்திகை வரைக்கும் நம்ம ஊருல சாயங்கால வானத்த நம்பி மொட்ட மாடிக்கு டிக்கெட் எடுக்கக் கூடாது, எடுத்தா அந்த பொடி எழுத்த மட்டுமாவது படிச்சுருங்க.

நனைஞ்ச கோழி மாதிரி எறங்கி வந்து ஒரு கடையில பன் பரோட்டாவும் சால்னாவும் சாப்ட்டோம். மணி பத்தேகால், கடையில உக்கார எடமில்ல, அதான் மதுர. நின்னுக்கிட்டே சாப்ட்டோம். க்ளைமாக்ஸ் என்ன ஆகியிருக்கும்னு அவரு அங்கயே முழுசா சொல்லி முடிச்சாரு, பரோட்டா போடுற அண்ணனும் கேட்டுக்கிட்டே இருந்து, கடைசியில "அந்தப் படம் அப்பிடி முடியாதே சார்"னாரு.

அன்னிக்கு ராத்திரி படுக்கையில அவரு மறுபடி அந்த வார்த்தைய எடுத்தாரு. நம்ம வீட்டுலயே ஒண்ணு சும்மா கெடக்கே. இந்த தடவ எனக்கு எரிச்சல் வரல.

ஆனா ஐப்பசி கார்த்திகை பூராம் மழை, மார்கழி பனி, தையில பொங்கல் செலவு. மாசியிலதான் கை கூடுச்சு. மொட்ட மாடி படத்துக்கு மாசியும் பங்குனி முதப் பாதியும்தான் நம்ம ஊருல ராசி. சித்திரையில வச்சா தரையே தோசைக்கல்லு, பகல் பூராம் குடிச்ச சூட்ட தட்டோடு ராத்திரி பத்து மணி வர கக்கிக்கிட்டே இருக்கும், சாயங்காலம் நாலு கொடம் தண்ணி ஊத்துனாலும் அரை மணி நேரம்தான் தாக்குப்புடிக்கும். ஆடியப் பத்தி சொல்லவே வேணாம், அம்மியே பறக்கும்பாங்க, அதுல ஸ்க்ரீன் எங்க நிக்கும்.

புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தோம், ஒரு நாளைக்கு 1,200 ரூபா, ஆதார் ஜெராக்ஸ் குடுக்கணும். வெலைக்கு வாங்கலாம்னு ஆன்லைன்ல பாத்தா ஆறாயிரம் ரூபா டப்பாவுல எல்லாம் பத்தாயிரம் லூமென்ஸ்னு (வெளிச்சத்தோட அளவு) போட்டிருக்கான், நம்பாதீங்க, ஆன்சி லூமென்ஸ்னு தனியா ஒரு கணக்கு இருக்கு, அத கேட்டா அந்த டப்பாவெல்லாம் நூறு எரநூறுல வந்து நிக்கும். இருட்டு ரூமுக்குள்ள ஓடும், தெருவெளக்கு இருக்குற மாடியில ஓடாது. நாங்க எடுத்தது ஆபீசுல மீட்டிங்குக்கு வைக்கிற பல்பு மாடல், 3,000 லூமென்ஸ், பழசுதான், ஆனா பளிச்சுன்னு இருந்துச்சு. பல்பு மாடல்ல ஒரு எச்சரிக்கை, சுவிட்ச படக்குன்னு அணைக்கக் கூடாது, பல்பு ஆறுற வரைக்கும் உள்ள ஃபேன் ஓடணும். படம் ஓடுறப்ப கரண்ட் போனா பல்புக்கு ஆகாது. அதனால இவரு கீழ இன்வெர்ட்டர்ல இருந்து லைன் எடுத்து வந்துட்டாரு, முந்நூறு வாட்ஸ்கிட்டதான் இழுக்கும், சாதா வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். அன்னிக்கு அவரு மூஞ்சியில ஒரு பெருமை பாக்கணும், ஒரு வழியா வாட்ஸுக்கு மரியாதை கெடச்சுருச்சுன்னு.

ஸ்க்ரீன்தான் பெரிய கூத்து. மொத நா ட்ரையலுக்கு ரெண்டு வெள்ள வேட்டிய ஒட்டுத்தையல் போட்டு துணி காயப்போடுற கம்பியில கட்டுனோம். வெளிச்சம் பாதி துணியத் தாண்டி அங்கிட்டு போயிருது, இங்கிட்டு படம் மங்கல். அந்த நேரம் பாத்து வத்தல் எடுக்க வந்த அத்தை ஸ்க்ரீனுக்கு பின்பக்கமா போயி அப்பிடியே நின்னுட்டாங்க. "ஏத்தா, இங்கிட்டு நல்லா தெரியுதே, எல்லாரும் எடது கையால சாப்புடுறாங்க!" அவங்க ஊரு வாடிப்பட்டி பக்கம், சின்னதுல திருவிழாவுக்கு தெரு நடுவுல தெரை கட்டி படம் போட்டா முன்னால எடம் கெடைக்காத சின்னப்புள்ளைங்க பூராம் பின்னாலதான் உக்காருமாம். ரொம்ப நாளைக்கு அவங்க நெனச்சுக்கிட்டு இருந்தது, பட்டணத்து ஆளுங்க எல்லாம் எடதுகைக்காரங்கன்னு. டெண்ட் கொட்டாயில தரை டிக்கெட்டுக்கு மணல குமிச்சு மேடு போட்டு உக்காருறதையும் அன்னிக்குதான் சொன்னாங்க, பின்னால இருக்கவன் அந்த மேட்ட கால வச்சு பைய கரைச்சு விட்டுக்கிட்டே இருப்பானாம், இண்டர்வெல் வரும்போது தரையோட தரையா ஆகிருமாம்.

வேட்டி சரிப்படலன்னு ஃப்ளெக்ஸுக்கு போனோம். புதுசா வாங்க வேணாம், எந்த வீட்டுலதான் பழைய ஃப்ளெக்ஸ் இல்ல. எங்க மச்சாண்டார் மகன் காதுகுத்துக்கு வச்சது, பத்துக்கு ஆறு, பின்பக்கம் சுத்த வெள்ள. ஈரத்துணியால தொடச்சு அதே கம்பியில கட்டி ஓட்டிப் பாத்தா, மொதல்ல அருமையா இருந்துச்சு, பத்து நிமிசம் கழிச்சு தெருவுல எல்ஈடி லைட்டு எரிஞ்சுச்சு பாருங்க. பின்னால இருந்து வெளிச்சம் அடிக்கவும் முன்பக்கம் அச்சடிச்சதெல்லாம் எழும்பி வருது. ஹீரோயின் அழுகுறா, அவ கன்னத்துல மச்சாண்டார் மகனோட தாய்மாமா மீசையோட கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு. அவரு தலைக்கு மேல திருப்பிப் போட்ட எழுத்துல "வருக வருக". பய சிரிச்சு சிரிச்சு விக்கல் எடுத்துட்டான். கம்பி வேணாம்னு கழட்டி மாடிப்படி ரூம் செவுத்துல ஒட்டினாப்புல கட்டுனோம். தாய்மாமா மறஞ்சாரு, அதோட காத்துப் பிரச்சனையும் போச்சு, செவுரு பின்னால இருக்குறதால காத்து புகுந்து உப்ப வழியில்ல. காத்துக்கு அங்கங்க அரைவட்டமா வெட்டி விடுவோமா, கட்சி பேனருக்கெல்லாம் அப்பிடித்தான் பண்ணுவாய்ங்கன்னு இவரு கத்திரிய எடுத்ததையும் நான் தடுத்துட்டேன்.

அளவு தேவப்படுறவங்களுக்கு, 120 இஞ்ச் படம்னா அகலம் எட்டே முக்கால் அடி, ஒசரம் அஞ்சடிக்கு கொஞ்சம் கம்மி. எங்க புரொஜெக்டர பன்னெண்டு அடி தள்ளி வைக்க வேண்டியிருந்துச்சு, மாடல பொறுத்து முன்னப்பின்ன மாறும். தரையில உக்காந்து பாக்குறதா இருந்தா ஸ்க்ரீனோட அடி தரையில இருந்து ரெண்டடிக்கு மேல போக வேணாம், கழுத்து வலிக்கும். சத்தத்துக்கு புளூடூத் ஸ்பீக்கர் வச்சா வாய் ஒரு நேரம் சத்தம் ஒரு நேரம் வருது, ஆக்ஸ் வயரு போட்டதும் சரியாயிருச்சு. போன்ல ஓடிடி ஆப்ப அப்பிடியே மிரர் பண்ணா சத்தம் மட்டும் வந்து படம் கருப்பா நின்னுச்சு, ஆப்புலயே அப்பிடி பூட்டு போட்டிருக்காய்ங்க, லேப்டாப்புல இருந்து ஹெச்டிஎம்ஐ வயரு போட்டதும் வந்துருச்சு. இதெல்லாம் மொத நாளே பாத்து வச்சுக்கோங்க, அன்னிக்கு ராத்திரி பாத்துக்கலாம்னு விட்டா புருசன் ஒரு வயரோடயே குடும்பம் நடத்துவாரு.

பக்கத்து வீட்டு அக்கா, "டிக்கெட் எவ்ளோ, நாங்களும் வரலாமா"ன்னு செவுத்துக்கு மேல எட்டிக் கேட்டாங்க, வெளையாட்டுக்குத்தான். வீட்டு மனுசங்க வீட்டுல பாக்குறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, ஆனா காசு வாங்கி ஊரக் கூட்டிப் போட்டா அது வேற, படத்துக்காரங்ககிட்ட உரிமை வாங்கணும், சினிமா லைசென்ஸ் சட்டமெல்லாம் குறுக்க வரும். அவங்களுக்கு ஒரு தட்டுல பணியாரம் குடுத்து அனுப்புனேன்.

நெசமான ஷோ, மாசி மாசத்து சனிக்கிழமை. ஆறரைக்கு பொழுது எறங்குச்சு, ஏழு மணிக்கு போட்டோம், ரெண்டேகால் மணி நேரப் படம், நடுவுல பணியாரத்துக்கு கால் மணி நேரம், ஒம்பதரைக்குள்ள முடிஞ்சுரும், பத்து மணி பிரச்சனை வராது. கோரப்பாய் ரெண்டு, மேல பழைய மெத்தை, தலகாணி. மூலைக்கு ஒரு மண்சட்டியில நொச்சி எலப் புகை, கொசு முழுசா போகாது, ஆனா யோசிக்கும். பய கைப்பிடிச்செவுரு பக்கம் போகக் கூடாதுன்னு அங்கிட்டு ஒரு பெஞ்ச போட்டு அத்தைய உக்கார வச்சுட்டோம், காவல் தெய்வம். டேட் நைட்டுல மாமியாரான்னு என் கூட வேல பாக்குற டீச்சர் கேட்டுச்சு. எட்டேகாலுக்கு பயலுக்கு கண்ணு சொக்குச்சு, அத்தை அவனத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "பனி எறங்குது, நான் கீழ போறேன், நீங்க பாருங்க"ன்னு எறங்கிட்டாங்க, போறப்ப படிக்கட்டு லைட்டயும் அணைச்சுட்டுப் போனாங்க. டீச்சருக்கு இதவிட என்ன பதில் சொல்ல.

மல்லி அன்னிக்கு தலையிலயே இருந்துச்சு. திருப்பரங்குன்றம் மலை ஒரு பக்கம் கருப்பா படுத்துக் கெடந்துச்சு, ஏர்போர்ட்டுக்கு ஒரு பிளேன் சிவப்பு லைட்டோட எறங்குச்சு. எடுத்தது ஆவணியில மழையில விட்ட அதே படம்தான். க்ளைமாக்ஸ் வந்துச்சு, பரோட்டா அண்ணன் சொன்னதுதான் கரெக்ட், இவரு சொன்ன மாதிரி முடியல. "நான் சொன்ன முடிவுதான் நல்லாருந்துச்சு"ன்னாரு, ஸ்பீக்கர் சத்தத்த அடியோட கொறச்சுட்டு, கடைசி பத்து நிமிசத்த திருப்பிப் போட்டு, அவரு கதைக்கு அவரே பேசுனாரு. அப்பா கேரக்டருக்கு மறுபடி பெரிய மாமனார் கொரலு. கீழ இருந்து அத்தை சத்தம் குடுத்தாங்க, "என்னடா அது, பெரியப்பா வந்துருக்காரா?"

புரொஜெக்டர மறுநா காலையில பதினோரு மணிக்குள்ள திருப்பிக் குடுக்கணும், பத்தரைக்கே குடுத்துட்டு ஆதார் ஜெராக்ஸ வாங்கிட்டு வந்தாரு. ஃப்ளெக்ஸு இப்ப வாசல்ல அவரு பைக்க மூடியிருக்கு. பங்குனி வெயிலுக்கு நல்லதுதான், என்ன, அவசரத்துல மூடுறப்ப முன்பக்கம் வெளிய வந்துருது, காலையில கோலம் போட குனிஞ்சா தாய்மாமா கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு.